ஸ்கேன் நார்மல், தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை: எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வயது 34. எட்டு மாதமாகத் தலைசுற்றல், வாரத்தில் நான்கைந்து நாள் தலைவலி, கை விரல்களில் அவ்வப்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, சில சமயம் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை வராமல் நின்றுவிடுகிறது. மூளை எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, இரத்தப் பரிசோதனைகள் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு "டென்ஷன்தான், நன்றாகத் தூங்குங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இது உண்மையில் என்னவாக இருக்கலாம்?

தலைசுற்றலோடு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிற மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் "உங்களுக்கு இதுதான்" என்று சொல்ல மாட்டேன், அது தப்பு. ஆனால் எங்கே தேடலாம், எதை யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம் என்பதைச் சொல்ல முடியும். ஸ்கேன் நார்மல் என்றால் கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை, பெரிய அடைப்பு இல்லை என்று அர்த்தம். நல்ல செய்திதான், ஆனால் அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. தலைசுற்றலுக்கான காரணங்களில் பெரும்பாலானவை படத்தில் விழுகிற வகையே கிடையாது. உள்காதில் இடம் மாறிய துகள் எம்ஆர்ஐயில் தெரியாது. மைக்ரேன் தெரியாது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவது தெரியாது, ஏனென்றால் ஸ்கேன் எடுக்கும்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். இதையெல்லாம் பிடிப்பது நீங்கள் சொல்கிற கதையும், பரிசோதனை மேசையில் ஒரு பத்து நிமிடமும்தான். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காதவர்கள்தான் பெரிய ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார்கள்.

விவரத்துக்குப் போகும் முன், காத்திருக்கவே கூடாத நிலைமைகள் சில. வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு, இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி. திடீரென்று முகம் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, நாக்கு குழறுவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது. தலைசுற்றலோடு உட்காரவோ நிற்கவோ முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி. தலையில் அடிபட்ட பிறகு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற தலைவலி. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களிலோ புதிதாக வந்த கடுமையான தலைவலி. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, தலை சீவும்போது உச்சந்தலை தொட்டாலே நொந்தால் அது நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடும். இதில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். "தலைசுற்றல்" என்று சொன்னதும் "உலகம் சுற்றுகிறதா, இல்லை மயக்கம் வருகிற மாதிரியா?" என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள். 1972ல் டிராக்மேன், ஹார்ட் என்ற இருவர் தலைசுற்றலைச் சுழற்சி, மயக்கம் வரும் உணர்வு, தள்ளாட்டம், சொல்லத் தெரியாத தலைபாரம் என்று நான்காகப் பிரித்தார்கள், அன்றிலிருந்து பாடமே அதுதான். ஆனால் பின்னாளில் கேட்டுப் பார்த்தபோது, ஒரே நோயாளி பத்து நிமிடம் கழித்து வேறு பதில் சொல்கிறார் என்று தெரிந்தது. தப்பு அவர் மேல் இல்லை, அந்த உணர்வுக்கே சரியான வார்த்தை கிடையாது. கிறுகிறுப்பு என்போம், கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்போம், மிதக்கிற மாதிரி என்போம், மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இருக்கலாம். மாறாத பதில் கிடைப்பது இரண்டு கேள்விகளுக்குத்தான்: ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நிற்கிறது, எது செய்தால் வருகிறது. இந்த இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நொடிக்கணக்கில் வந்து போவதிலிருந்து தொடங்குகிறேன். படுக்கையில் புரளும்போது, பரண் மேல் எதையாவது எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது, அறையே பம்பரமாகச் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் அது உள்காதுத் துகள் பிரச்சினை, பிபிபிவி என்று சுருக்கமாகச் சொல்வது. சுழற்சி வகைத் தலைசுற்றலுக்கு இதுதான் முதன்மையான காரணம். உள்காதில் நம் தலையின் சாய்வை உணர்வதற்கென்று சுண்ணாம்புச் சத்தால் ஆன மிகச் சின்னத் துகள்கள் ஒரு பசைப் படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ சில துகள்கள் கழன்று, பக்கத்தில் இருக்கிற அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். அந்தக் குழாயில் இருப்பது திரவம். தலையை அசைத்தால் துகள் உருளும், திரவம் தள்ளப்படும், தலை நின்ற பிறகும் "இன்னும் சுற்றுகிறேன்" என்று மூளைக்குச் செய்தி போகும்.

இதைக் கண்டுபிடிக்கிற விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். மேசையில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை மேசை விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி பிடித்துக்கொள்வோம். கண்ணை மூடக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருப்போம். இரண்டு மூன்று நொடி ஒன்றும் நடக்காது. நோயாளி "ஒன்றும் இல்லையே" என்று சொல்ல வாயெடுப்பார். அப்போது கண்மணி துள்ள ஆரம்பிக்கும், கடிகார முள் மாதிரி ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று மேல்நோக்கித் துடிக்கும், அவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து அரை நிமிடத்தில் நின்றுவிடும். எந்தப் பக்கம் திரும்பியபோது இது வந்ததோ அந்தக் காதுதான் கெட்டிருக்கிறது. 1952ல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் எழுதிவைத்த சோதனை இது. ஒரு மேசையைத் தவிர வேறு கருவியே வேண்டாம்.

சிகிச்சையும் அதே மேசையில்தான். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992ல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பி, துகளைக் குழாயிலிருந்து உருட்டி வெளியே கொண்டுவந்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். மாத்திரையால் துகளை நகர்த்த முடியாது. ஆறு மாதம் தலைசுற்றல் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவரை ஐந்து நிமிடத்தில் சரிசெய்து அனுப்பும்போது சந்தோஷத்தோடு கோபமும் வரும், அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது? இது சில மாதமோ வருடமோ கழித்துத் திரும்ப வரக்கூடியது, வந்தால் மறுபடி அதே முறைதான். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அடிக்கடி வருகிறது, அதையும் பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை பழகிய டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ செய்துகொள்ளுங்கள், எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீடியோ பார்த்துத் தலையைத் திருப்பினால் துகள் வேறு குழாய்க்குப் போகவும் வாய்ப்புண்டு.

ஆனால் உங்கள் கதை எனக்கு வேறு ஒன்றை நினைவூட்டுகிறது. தலைசுற்றல், தலைவலி, விரல்களில் ஊசி குத்தல், வார்த்தை வராமல் நிற்பது, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் நான் முதலில் கேட்பது மைக்ரேன் பற்றித்தான். மைக்ரேன் என்றால் மண்டையைப் பிளக்கிற ஒற்றைத் தலைவலி என்று மட்டும் நினைக்கிறோம். தலைசுற்றலையே முதன்மையாகக் கொண்ட மைக்ரேன் உண்டு, வெஸ்டிபுலர் மைக்ரேன் என்று பெயர், 2012ல்தான் அதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறை வந்தது. ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை ஒரு தாக்குதல் நீடிக்கலாம். தலைசுற்றும் அதே நேரத்தில் தலை வலித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசும், சத்தம் தாங்காது, போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் குமட்டும். சின்ன வயதில் பஸ்ஸில் போனால் வாந்தி எடுத்தவரா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஒற்றைத் தலைவலி உண்டா, தூக்கம் கெட்ட மறுநாளோ மாதவிடாய் நெருங்கும்போதோ கூடுகிறதா என்று நான் கேட்பேன். ஆமாம், ஆமாம் என்று பதில் வந்துகொண்டே இருந்தால் அநேகமாக வழி கிடைத்துவிட்டது.

அந்த ஊசி குத்தலும் வார்த்தைத் தடுமாற்றமும் மைக்ரேன் ஆராவாக, அதாவது மைக்ரேனை ஒட்டிச் சிறிது நேரம் வந்து போகிற நரம்பு அறிகுறியாக இருக்கலாம். எப்படி அடையாளம் காண்பது? ஆரா மெதுவாக நகரும். விரல் நுனியில் தொடங்கி, ஐந்து பத்து நிமிடத்தில் முழங்கைக்கு ஏறி, அப்புறம் உதட்டின் ஓரம், நாக்கு என்று எறும்பு வரிசை போவது போல ஊர்ந்து போகும், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். மூளையின் மேற்பரப்பில் மின்மாற்றம் ஒன்று அலை மாதிரி மெல்லப் பரவுவதால்தான் இந்த நகர்வு. பக்கவாதத்தில் பெரும்பாலும் அப்படி ஊராது, கை, முகம், பேச்சு எல்லாம் ஒரே அடியில் போகும். ஆனால் தயவுசெய்து இதை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், முதல் முறை பேச்சு தடுமாறினால் அதைப் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். பல முறை வந்து, பார்த்து, ஸ்கேனும் சரி என்று ஆன பிறகுதான் ஆரா என்ற பெயரைச் சொல்ல முடியும். மைக்ரேன் உள்ளவர்களின் எம்ஆர்ஐ அறிக்கையில் சில சமயம் "சிறு வெண்புள்ளிகள்" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, அந்த ஒரு வரியால் இரவெல்லாம் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய கேள்வி: வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள்? உள்ளபடி எண்ணிப் பாருங்கள். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற சாதாரண மாத்திரை என்றால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் அல்லது வேறு மருந்து கலந்த கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான், அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்தான ஓபியாய்டு என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். வாரத்தில் நான்கைந்து நாள் தலைவலி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும், அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் பலருக்குத் தலைவலி நாட்கள் நன்றாகக் குறைந்துவிடும். ஓபியாய்டு வகை என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் மேற்பார்வையில்தான்.

மணிக்கணக்கில் நிற்கிற சுழற்சியோடு ஒரு காது அடைத்துக்கொண்டு, இரைச்சல் கேட்டு, கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் மெனியர் நோய். 1861ல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர் விவரித்தது. கேட்டல் பரிசோதனை செய்யாமல் இந்தப் பெயரை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாள்கணக்கில் விடாமல் சுற்றி, வாந்தி எடுத்து, எழவே முடியாமல் போவது வேறு கதை. உள்காதிலிருந்து மூளைக்குப் போகிற சமநிலை நரம்பு, பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்றை ஒட்டி, வீங்கினாலும் இப்படி வரும், சிறுமூளையில் அடைப்பு வந்தாலும் இப்படியே வரும். இங்கேதான் ஸ்கேன் ஏமாற்றும். சிடி ஸ்கேனில் சிறுமூளை அடைப்பு ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐகூட முதல் ஒன்றிரண்டு நாளில் தவறவிடலாம். 2009ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற மருத்துவர் படுக்கையருகே செய்கிற மூன்று கண் சோதனைகள் ஆரம்பகட்ட எம்ஆர்ஐயைவிட நன்றாக அடைப்பைப் பிடித்தன. அதில் ஒன்று, நோயாளியை என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் தலையைச் சட்டென்று லேசாகத் திருப்புவது. காது நரம்பு கெட்டிருந்தால் கண் தலையோடு கூடவே போய்விட்டு, பிறகு துள்ளித் திரும்ப மூக்குக்கு வரும். விடாமல் சுற்றுகிற ஆளுக்குக் கண் நழுவாமல் மூக்கிலேயே நின்றால்தான் நாங்கள் பயப்படுவோம், அப்போது கோளாறு மூளையில்.

அப்புறம், எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிற கிறுகிறுப்பு. இதைக் கண்டுபிடிப்பதைப் போல எளிதான வேலை இல்லை, ஆனாலும் அடிக்கடி விட்டுப்போகிறது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பார்க்க வேண்டும், நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணம். 70 வயதுக்காரர் ஒருவர் இரண்டு வருடமாகக் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார், எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று. உட்கார்ந்தால் அழுத்தம் 130. நிற்கவைத்தேன், ஒரு நிமிடத்தில் 96, முகம் வெளிறி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு இரண்டு, மூன்றுமே அழுத்தத்தை இறக்குகிறவை. மருந்தை மாற்றிக் குறைத்தோம், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டார். கழுத்துத் தேய்மானம் 50 தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயில் இருக்கும், தலை சுற்றாதவர்களுக்கும் இருக்கும். தலைசுற்றலுக்கு அதைக் காரணமாகச் சொல்லும் முன் மற்ற எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் வயதில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. அழுத்தம் இறங்காது, ஆனால் நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடும், படபடப்பு, தலை லேசாவது, மூளை மந்தமாவது எல்லாம் வரும், உட்கார்ந்தால் குறையும். பாட்ஸ் என்பார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, கோவிட்டுக்குப் பிறகும்கூட, பலருக்கு வந்திருக்கிறது. இளம்பெண்களுக்கு அதிகம், அதனாலேயே "பயம், படபடப்பு" என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். இது எனக்கு ஆறாத விஷயம். ஒரு கடிகாரத்தை வைத்து நாடி பிடித்துப் பார்க்க 10 நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

தலைவலியிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: நின்றால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா? எழுந்து நின்றதும் கூடி, படுத்த சிறிது நேரத்தில் வடிந்துவிட்டால் மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகுத்தண்டில் எங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும், இதிலும் சிலருக்கு மூளை எம்ஆர்ஐ நார்மலாகவே இருக்கும். நேரெதிராக, படுத்தால் கூடி, குனியும்போது சில நொடி பார்வை இருண்டு, நாடித் துடிப்பின் தாளத்திலேயே காதில் இரைச்சல் கேட்டால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். எடை கூடிய இளம்பெண்களுக்கும், முகப்பருவுக்கு வைட்டமின் ஏ வகை மருந்தோ டெட்ராசைக்ளின் வகை மருந்தோ எடுப்பவர்களுக்கும் இது வரும். கண் டாக்டர் கண்பாவையை விரித்து உள்ளே பார்வை நரம்பின் தலையைப் பார்த்தால் வீக்கம் தெரிந்துவிடும். உங்கள் மூன்று டாக்டர்களில் யாராவது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். காலையில் எழும்போதே தலைவலி, குறட்டை, பகலில் தூக்கம் என்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விரல் ஊசி குத்தலுக்கு வருகிறேன். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி, கையை உதறினால் சரியாகி, சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களில் மட்டும் இருந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பாதத்திலும் தொடங்கி, இருட்டில் நடக்கத் தள்ளாடினால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். "இரத்தப் பரிசோதனை நார்மல்" என்றால் பி12 அதில் இருந்ததா என்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பல பேக்கேஜில் இருக்காது. இரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும். அறிக்கையில் pg/mL அளவில் 200க்குக் கீழே என்றால் குறைவு என்று எடுத்துக்கொள்வோம், 200க்கும் 300க்கும் நடுவே என்றால் நம்ப முடியாது, மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை பார்த்தால்தான் தெளியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரை வருடக்கணக்கில் எடுப்பவர்கள், அசைவமும் பாலும் தொடாதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொண்டால் இரத்தம் சரியாகும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நரம்புச் சத்து மாத்திரை என்று தாமாகவே மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அதிலுள்ள அதிக அளவு பி6 தானே ஊசி குத்தலை உண்டாக்கும்.

ஒரு கண்ணில் சில நாட்களில் பார்வை மங்கி வலித்தது, உடம்பின் ஒரு பகுதி வாரக்கணக்கில் மரத்துப்போய்த் தானாகச் சரியானது என்று முன்பு எப்போதாவது நடந்திருந்தால் மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடுகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் வயதில் எல்லாருக்கும் இணையத்தில் தேடியதும் முதலில் வருகிற பயம் இதுதான். அதில் ஒரு அறிகுறி வந்தால் ஒரு நாளுக்கு மேல், பெரும்பாலும் நாள்கணக்கில் வாரக்கணக்கில் நிற்கும், நிமிடத்தில் வந்து போகாது. மூளை எம்ஆர்ஐயும் சுத்தமாக இருப்பது அபூர்வம்.

வீட்டைப் பற்றியும் ஒரு கேள்வி. வீட்டில் இன்னொருவருக்கும் தலைவலி, குமட்டல் இருக்கிறதா? வெளியூர் போனால் சரியாகி, திரும்பி வந்தால் தொடங்குகிறதா? காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் ஓடுகிறதா? கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி அதைப் பிரித்தறியாமல் 98 என்று காட்டி ஏமாற்றும், தனி இரத்தப் பரிசோதனை வேண்டும். சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் உடனே வெளியேறுங்கள், பரிசோதனையெல்லாம் அதற்கப்புறம்.

மருந்துகளின் முழுப் பட்டியலையும் டாக்டர் முன் வையுங்கள். வலிப்பு மருந்து, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்கான பிரிகாபலின், திடீரென்று நிறுத்திய மனச்சோர்வு மருந்து, எல்லாமே தலையைச் சுற்ற வைக்கும். ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு, நடக்கும்போது பெயர்ப்பலகை குதிக்கிறது என்றால் இரண்டு உள்காதும் அடிபட்டிருக்கலாம். தலைசுற்றலுக்காகவே கொடுக்கிற மாத்திரைகளும் கெடுதல் செய்யும். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் எல்லாம் முதல் சில நாள் வாந்தி அடங்கத்தான். மாதக்கணக்கில் போட்டால், மூளை தானாகச் சமநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்வதை அவை தடுக்கும், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் விறைப்பும்கூட வரும். எல்லாருக்கும் எழுதப்படுகிற பீட்டாஹிஸ்டின், 2016ல் வெளியான பெரிய சோதனையில் மெனியர் நோய்க்கே டம்மி மாத்திரையைவிட அதிகம் பயன் தரவில்லை.

கடைசியாக அந்த "டென்ஷன்". மூச்சை வேகமாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும், இரண்டு கையிலும் வாயைச் சுற்றியும் ஊசி குத்தும். அது உண்மையான உடல் மாற்றம், கற்பனை இல்லை. அதுபோலவே, காதுத் துகளோ நரம்பு வீக்கமோ வந்து சரியான பிறகும், மூளை விழுந்துவிடுவோமோ என்ற எச்சரிக்கையிலிருந்து இறங்காமல், கண்ணை மட்டும் நம்பி உடம்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே இருப்பதுண்டு. மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நின்றால் நடந்தால் ஆட்டம், வரிசை வரிசையாகப் பொருள் அடுக்கிய கடைக்குள் போனால் இன்னும் மோசம் என்று இருந்தால் அதற்கு பிபிபிடி என்று பெயர், 2017ல் வரையறுத்தார்கள். சமநிலைப் பயிற்சி, சில மனச்சோர்வு மருந்துகள், மனநல நிபுணரோடு பேசிச் செய்கிற சிகிச்சை ஆகியவற்றுக்கு நன்றாகக் கேட்கும். டாக்டர் "டென்ஷன்" என்றால் "அதை எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள், அதற்கு என்ன சிகிச்சை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எட்டு மாதம் தலை சுற்றினால் யாருக்கும் பயம் வரும், பயம் பிறகு வந்ததா முன்பே இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மைக்ரேன், அதற்குப் போட்ட மாத்திரையால் வந்த தலைவலி, மணிக்கட்டு நரம்பு என்று மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே ஆளிடம் இருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், மூன்றுக்கும் தனித்தனியாக மருத்துவம் உண்டு.

இனி மூன்று வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வந்த நேரம், நின்ற நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தலைவலி, காது, கண், எந்த மாத்திரை, முந்தைய இரவின் தூக்கம், மாதவிடாய் இருந்தால் அந்தத் தேதி. தலை சுற்றும் அந்த நேரத்தில் யாரையாவது போனில் உங்கள் கண்ணை நல்ல வெளிச்சத்தில், நேராக, இடமாக, வலமாகப் பார்க்கவைத்து அரை நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தனியாக இருந்தால் முன்பக்கக் கேமராவில் நீங்களே எடுங்கள். கிளினிக்குக்கு வரும்போது தலை சுற்றாது, கண்ணும் துள்ளாது, அதனால்தான் எங்களுக்கு எதுவும் தெரியாமல் போகிறது. அடுத்த டாக்டரிடம் ஸ்கேன் கவரைப் பிரிப்பதற்கு முன் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.